இலவசம் என்றால் போதுமா?

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம் இளைஞர் சிலர் தமிழ் எழுத்துருவும் மென்பொருளும் ஆக்கி, ‘இலவசம்’ என்று மட்டும் எழுதி இணையத்தில் இடுகின்றனர். எண்ணம் நன்று, எழுத்துப் போதாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆக்கியோன் அனுமதி தந்தாலன்றிப் பிறர் அதனைத் திருத்தி வழங்கல் இயலாது. அவர் மறைந்து 60 ஆண்டு கழியும் வரை இத்தடை நீடிக்கும். ஆகவே, 1997இல் தன் நெறிகளை வகுத்த டெபியன் போன்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்புகள் அதனை ஏற்பதில்லை.

லோகித் தமிழ் எழுத்துருவை நோக்குக. முதலில் குனூ பொது உரிமத்தில் வந்த அது, 2011இல் எழுத்துருவுக்கென்றே அமைந்த திறந்த உரிமத்துக்கு மாற்றப்பட்டது. உரிமம் தெளிவாயிருந்தமையால் பல தொகுப்புகளில் இடம் பெற்றது.

இளைஞர்காள்! பெயர், ஆண்டு, உரிமம் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் எழுதி உடன் வையுங்கள். பிறர் திருத்த வழியின்றேல், உங்கள் உழைப்பு உங்களோடு முடியும்.