சிறைக்குள்ளே மட்டுமா இடமில்லை?

"கள்ளனுக்கும் குடுக்காரனுக்கும் மெத்தை போட்டுக் கொடுக்கச் சொல்றீங்களா?" சிறைச்சாலை நெரிசலைப் பற்றி யார் எழுதினாலும் கீழே வந்து விழும் முதல் கமெண்ட் இதுதான். மெத்தை கேட்கவில்லை சகோதரர்களே. கால் நீட்டிப் படுக்க இடம் கேட்கிறோம்.

எங்கள் நாட்டுச் சிறைகள் எல்லாம் சேர்த்து அண்ணளவாக 12,000 பேருக்கானவை. 2024இல் உள்ளே இருந்தவர்கள் 28,000க்கும் மேல். ஆசிரியர்களாகிய எங்கள் கணக்கில் சொன்னால், 40 பிள்ளைகள் இருக்க வேண்டிய வகுப்பில் 90க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்த வகுப்பில் பாடம் நடக்குமா? சிறையில் மட்டும் "புனர்வாழ்வு" எப்படி நடக்கும்?

மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வைத் தேடிப் படியுங்கள். முறை வைத்துத் தூங்குகிறார்கள். இடமில்லாமல் மலசலகூடத்திலும் படுக்கிறார்கள். வெலிக்கடை 1841இல் வெள்ளைக்காரன் கட்டியது. அதன் மதிலில் கைதிகளும் மனிதர்களே என்று எழுதி வைத்திருக்கிறோம். மதிலுக்கு வெளியே!

சரி, உள்ளே இருப்பவர்கள் யார்? பாதிக்கும் மேற்பட்டோர் விளக்கமறியலில் இருப்பவர்கள். இன்னும் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. தண்டனை பெற்றுப் போகிறவர்களிலும் பெரும்பகுதி தண்டப்பணம் கட்ட வழியில்லாத ஏழைகள். காசுள்ளவன் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவான். இதற்குப் பெயர் நீதியா?

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. நடப்பது தலைகீழ். 2023 டிசம்பரில் "யுக்திய" தொடங்கியபோது பல்லாயிரம் பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். டீவியில் பார்த்துக் கைதட்டினார்கள் பலர். சின்னப் பக்கெட்டோடு பிடிபட்ட பொடியன், பகுப்பாய்வாளர் அறிக்கை வரும்வரை பெரிய வியாபாரிகளோடு ஒரே கூண்டில் கிடக்கிறான். வெளியே வரும்போது அவனிடம் இருப்பது திருந்திய மனசா, புதுத் தொடர்புகளா? அவன் நேற்று எங்கள் வகுப்பின் பின்வாங்கில் இருந்தவன். அதனால்தான் எங்களுக்கு வலிக்கிறது.

"புதுச் சிறை கட்டினால் சரி" என்பார்கள். கட்டினால் அதுவும் நிறையும். குழாயை மூடாமல் வாளியை மாற்றி என்ன பயன்?

2020 நவம்பர் 29இல் மஹரவில் 11 கைதிகள் செத்தார்கள். கொரோனா பரவும் நெரிசலுக்குள் உயிருக்குப் பயந்து கிளர்ந்தவர்கள். அடுத்த மஹரவுக்குக் காத்திருக்கிறோமா?

நாங்கள் கேட்பது மூன்று. சிறு குற்றங்களுக்குப் பிணையும் சமூக சேவைத் தண்டனையும். தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட வசதி. பகுப்பாய்வாளர் அறிக்கைக்குக் காலக்கெடு. உங்கள் எம்பி ஓட்டுக் கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில ஆயிரம் ரூபாய் இல்லாமல் உள்ளே கிடக்கும் ஏழையின் தண்டப்பணத்தைக் கட்ட, உலமாக்களிடம் ஆலோசித்து ஒரு நிதி ஒதுக்குங்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்த யூசுப் நபியின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சமூகம் நாங்கள். சிறையில் இருப்பவனெல்லாம் கெட்டவன் என்று சொல்ல மற்றவர்களுக்கு வாய் வரலாம். எங்களுக்கு வரக்கூடாது.