நாய்க்கும் கிட்னி இருக்கு

"நாய்க்குக் கிட்னி வருத்தமா? மனுசனுக்கே கிளினிக் போக பஸ் இல்லை, நீங்க வேற!" தோட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் கிடைக்கிற பதில் இதுதான். நியாயமான பதில்தான். ஆனாலும் இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் நாயின் கிட்னியையும் நம்ம கிட்னியையும் தனித்தனியா பார்க்க முடியாது என்பது என் கட்சி.

எலிக்காய்ச்சலைத்தான் சொல்றேன். இலங்கையில் அது அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இந்த இரண்டும் உண்டு. 2008இல் நாடு முழுக்க 7000க்கும் மேற்பட்டோர் அந்தச் சந்தேகத்தோடு பதிவானார்கள். எலியின் சிறுநீரில் வெளிவரும் லெப்டோஸ்பைரா கிருமி சேற்றிலும் கான் தண்ணியிலும் கிடந்து, காலில் உள்ள சிறு காயம் வழியா உள்ளே போகும். வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்ளின் குளிசை கொடுப்பார்கள். லயத்துக் கானில் வாய் வைக்கிற நாயை யார் கணக்கில் எடுக்கிறா?

அந்தக் கிருமி நாயின் கிட்னியையும் ஈரலையும்தான் பிடிக்கும். சாப்பாடு இறங்காது, வாந்தி, கண் மஞ்சளிக்கும், மூத்திரம் குறைந்து நின்றும் போகலாம். சில நாளில் நாய் செத்துவிட்டால் "யாரோ மருந்து வச்சிட்டான்" என்று பக்கத்து வீட்டோடு சண்டை. நேரத்தோடு அன்டிபயோட்டிக்கும் சேலைனும் கிடைத்தால் பிழைக்கக்கூடிய நாய் அது. பிழைத்த நாயும் கொஞ்ச காலம் மூத்திரத்தில் கிருமியை வெளியேற்றலாம். அந்த இடத்தைக் கழுவும்போது கையுறை போடுங்க, பிள்ளைகளை விலக்கி வைங்க.

இன்னொரு வகை சத்தமில்லாமல் வரும். வயதான பூனைகளிடம் இது அதிகம். "நல்லா தண்ணி குடிக்குது, அதுக்கென்ன குறை" என்று சந்தோசப்படுவோம். உண்மையில் கிட்னியால் மூத்திரத்தை அடர்த்தியாக்க முடியாததால்தான் அவ்வளவு தாகம். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது கிட்னியின் வேலைத்திறனில் முக்கால்வாசி போயிருக்கும். மூத்திரத்தின் அடர்த்தி பெரும்பாலும் அதற்கு முன்பே குறைந்துவிடும். ஆகவே காலையில் நாய் காலைத் தூக்கும்போது ஒரு பழைய அகப்பையை நீட்டிப் பிடித்து, சுத்தமான போத்தலில் ஊற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு போங்க. (பூனைக்கிட்ட இதைச் செய்யச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.)

இந்த வகை குணமாகாது, வேகத்தைக் குறைக்கலாம். கருவாட்டையும் எலும்பையும் நிறுத்தணும். சுத்தமான தண்ணி எப்பவும் இருக்கணும். தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வைத்தியர் காட்டித் தந்தால் வீட்டிலேயே செய்யலாம். மனுசக் குளிசை மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுபுரூபன், டைக்ளோபினாக் கிட்னியைக் கெடுக்கும், பெனடோல் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

இதெல்லாம் கொழும்புக்காரர் செல்லப்பிராணிக்கான ஆலோசனை என்று தோன்றலாம். பெரிய மிருக ஆஸ்பத்திரி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கு. அவ்வளவு தூரம் வருத்தக்கார நாயை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? அதனால் நான் கேட்பது சின்ன விசயம். விசர்நாய்த் தடுப்பூசி போட தோட்டத்துக்கு வரும்போது எலிக்காய்ச்சல் ஊசியையும் குறைந்த விலையில் கொண்டு வரணும். எல்லா வகைக் கிருமிக்கும் அது காவல் இல்லை, வருசா வருசம் போடவும் வேண்டும், ஆனாலும் வேணும். கூடவே ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும், கரண்டும் வேண்டாம், ஒரு சொட்டு மூத்திரம் போதும். தோட்டத்து இளைஞர் மன்றங்கள் பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு இதை எழுத்தில் கேட்கலாம், அடுத்த மழைக்கு முன்னமே.