வரப்புக்கு வேண்டியது அகல வெளிச்சம்

"ஒரு கிலோமீட்டர் அடிக்கும்" என்று சொன்னால் போதும், நம் விவசாயிகள் அந்த டார்ச் லைட்டை வாங்கி விடுகிறார்கள். கடைக்காரர் தூரத்துப் பனைமரத்தின் உச்சியில் அடித்துக் காட்டுவார். இரவில் மோட்டார் போடக் கிணற்றுக்குப் போகிறவருக்குப் பனை உச்சியில் என்ன வேலை? அவருக்குத் தெரிய வேண்டியது காலடியிலிருந்து பத்தடி தூரத்து வரப்பும், அதன் இரு ஓரத்துப் புல்லும்தான்.

ஆரணிப் பக்கம் திருமலை போன்ற ஊர்களில் நெல்லுக்கும் மணிலாவுக்கும் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழக அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மிதிக்காமல் நடப்பதற்கு வெளிச்சம் வேண்டும்.

டார்ச்சின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம்தான் வெளிச்சத்தைத் திரட்டுகிறது. அதன் குவியும் இடத்தில் விளக்கு சரியாக அமர்ந்தால், கிண்ணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி நேர்கோடாகப் பாயும். நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒரு பொட்டு, சுற்றிலும் இருட்டு. பொட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓரத்தில் கிடப்பது தெரியாது. திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதர் சிலை மிக உயரமானது. கிட்டே நின்று இப்படிப்பட்ட விளக்கை அடித்தால் முகம் தெரியும்போது பாதம் தெரியாது. வரப்பிலும் அதே கதைதான்.

இதற்குப் புது விளக்கு வாங்கத் தேவையில்லை. டார்ச்சின் முன் கண்ணாடியைக் கழற்றி, அதே அளவில் டிரேசிங் பேப்பரை வட்டமாக வெட்டி, கண்ணாடிக்கு உட்புறமாக வைத்து மூடி விடுங்கள். பட்டுச்சேலைக்கு டிசைன் வரைகிறவர்கள் வீட்டில் துண்டுகள் கிடைக்கும். ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். பத்தடி தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். பொட்டு மறைந்து, ஒரே சீரான பெரிய வட்டம் விழும். வட்டம் இரு மடங்கு அகன்றால் ஓரிடத்தில் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்பது உண்மை. காலடிக்கு அது போதும். தூரமும் பார்க்க வேண்டுமானால் பாதி வட்டம் மட்டும் ஒட்டலாம். மற்றப் பாதி வழியாக வெளிச்சம் முன்போலத் தூரம் போகும். பழைய இழை பல்பு சூடேறும், ஆகவே காகிதம் பல்பைத் தொடக் கூடாது.

கிண்ணத்தையே உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் என்ன என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளமாகவே வார்த்த கிண்ணங்கள் கம்பெனியிலிருந்து வருவதும் உண்டு. ஆனால் வீட்டில் வேண்டாம். பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த அலுமினியப் பூச்சு மயிரிழையின் நூற்றில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாதது. உப்புத்தாள் மட்டுமல்ல, சாம்பல் தொட்டுத் துடைத்தாலே போய்விடும். தூசி இருந்தால் வாயால் ஊதுங்கள், அவ்வளவே.

பழைய டார்ச்சில் இழை பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இழை நாலாபக்கமும் ஒளி விடும், எல்.இ.டி. முன்பக்கமே விடும். கிண்ணத்துக்கு வேலை குறைந்து போவதால் பழைய வீச்சு வராது. மாற்றியவர்கள் "ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். நடக்கிறவருக்கோ அந்தப் பரவல் வெளிச்சமே லாபம்!

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் உரத்தோடு நல்ல அகல வெளிச்ச விளக்குகளையும், தலையில் மாட்டும் விளக்குகளையும் வைத்து விற்கலாம் என்பது என் கருத்து. மண்வெட்டி பிடித்த கையில் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு மடை திருப்புகிறவரின் சிரமத்தைச் சங்க நிர்வாகிகள் அறியாதவர்கள் அல்ல.