உடைந்தது கண்ணாடி மட்டும்தான்

பழைய கார் வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இன்ஜின் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். பெயின்ட் நிறம் அரைக்கால் பங்கு பிசகினாலும் தூக்கம் வராது. ஆனால் டேஷ்போர்டு மீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிடுகிறார்கள்: "மீட்டரையே மாத்திடலாம்." எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது.

1961 முதல் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் பிரிமியர் பத்மினி என்று எதை எடுத்தாலும் அந்தக் காலத்து ஸ்பீடோமீட்டரின் சூத்திரம் ஒன்றுதான். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் ஒட்டினாற்போல் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை போன்ற சுருள்வில் அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. மேலே மூடியிருக்கும் கண்ணாடி விரிந்ததற்காக இத்தனையையும் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

கண்ணாடியைப் பிடித்திருப்பது குரோமியம் பூசிய ரிங். பல பிரிட்டிஷ் மீட்டர்களில் ரிங்கின் பின்விளிம்பில் சின்னச் சின்னக் காதுகள் இருக்கும். ரிங்கைத் திருகி, காதுகளைக் கூட்டின் பள்ளங்களுக்கு நேராகக் கொண்டுவந்தால் கழன்று வந்துவிடும் என்பது ஏட்டுக் கணக்கு. நடப்பில் அசையாது. இடையில் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து கருவாடாகி இரண்டையும் கவ்விக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் காது ஒடியும், குரோமியம் உரியும். மெல்லிய பிளேடால் ரப்பரைச் சுற்றிலும் கீறிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் ரிங்கை அணைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். விளிம்பை மடித்து இறுக்கிய ரிங் என்றால் பழகிய மீட்டர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது மேல்.

தட்டையான கண்ணாடி என்றால் போட்டோ பிரேம் கடையில் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் கண்ணாடியே பெரும்பாலும் பொருந்திவிடும். வட்டமாக அறுக்கத் தெரிந்த கைதான் அரிது. ரிங்கின் உள்விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்ல வேண்டும். இறுக்கி உட்கார வைத்தால் வெயிலில் நிற்கும் வண்டியில் மறுபடி விரியும். மேடான கண்ணாடிக்கு வேறொரு செத்த மீட்டரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அக்ரிலிக் போட்டால் மலிவு, உடையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் துணியால் இரண்டு முறை துடைத்தாலே கீறல் விழும். துடைக்கும்போது ஏறும் நிலைமின்சாரத்தில் இலேசான முள் மேல்நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நின்றுகொண்டிருக்கும் கார் இருபது மைல் வேகத்தில் ஓடுவதாகக் காட்டும் வேடிக்கையை அப்போது பார்க்கலாம்.

ஆபத்து திறந்த பிறகுதான் தொடங்குகிறது. திறந்ததுதான் திறந்தோம், டயலையும் பளிச்சென்று ஆக்கிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். ஈரத்துணி பட்டால் பழைய அச்சு எழுத்து கரைந்து கையோடு வந்துவிடும். மைல் டயலைக் கிலோமீட்டர் ஸ்டிக்கரால் மூடுகிறவர்களும் உண்டு. 1956-ல் சட்டமியற்றி நாடு மெட்ரிக் அளவுக்கு மாறி முடிப்பதற்கு முன் ஓடிய வண்டி இது என்பதற்கு அந்த மைல் எண்கள்தான் சாட்சி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளையே விண்டேஜ் என்கிறது மத்திய அரசின் 2021 விதி. அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டுகிறவர், எந்நேரமும் கண்ணெதிரே இருக்கும் டயலை ஸ்டிக்கராக்கிக்கொள்வது வினோதம்.

ஒரே ஒரு வகை மீட்டரை மட்டும் திறக்கவே கூடாது. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகளிலும் அதற்கு முந்தைய சில கார்களிலும் எண்களும் முள்ளும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். 1920-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இதைப் பூசிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் கூராக்கிக் கூராக்கித் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். நம்மூர் 'ரேடியம் ஸ்டிக்கர்' கடைகளில் ரேடியம் கிடையாது, அது வெறும் பிரதிபலிப்புத் தாள். இந்த மீட்டர்களில் இருப்பது அசல் சரக்கு. அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளிரச் செய்யும் துத்தநாக சல்பைடு எப்போதோ ஓய்ந்துவிட்டதால் இப்போது ஒளிராது; கதிரியக்கம் மட்டும் பெரிதாகக் குறையாமல் இருக்கும். உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய கேடு. பழுப்பேறிய, தடித்த வர்ணத்தில் எண்கள் தெரிந்தால் விரிசல் மேல் டேப் ஒட்டி, பையில் போட்டு மூடி, கதிரியக்கத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டும்வரை ரிங்கின் மேல் கை வைக்க வேண்டாம்.