கயிறு செய்த குற்றமென்ன?

தோழனே!

1972-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் மூனிக் நகரிலே ஒலிம்பிக் பெருவிழா. பாய்மரப் போட்டிகள் கடலோரக் கீல் நகரில். அந்தக் கீல் நகருக்கு நீர்ச்சறுக்கு வீரர்களையும் அழைத்தார்கள். ஆடச் சொன்னார்கள், ஆடினார்கள். பதக்கப் பட்டியலிலே மட்டும் இடமில்லை என்றார்கள். 'காட்சிப் போட்டி' என்று அதற்குப் பெயர். பந்தலுக்குள் வா, பாடு, ஆடு, பந்தியிலே மட்டும் அமராதே என்பதற்கு நாகரிகச் சீமான்கள் சூட்டிய பெயர்!

அன்று அதே திண்ணையில் உட்கார வைக்கப்பட்ட இன்னொரு விருந்தாளி இறகுப்பந்து. 1992-இல் பார்சிலோனாவில் அதற்கு இலை போட்டுவிட்டார்கள். நீர்ச்சறுக்கு இன்னமும் திண்ணையிலேதான்.

ஏன்? எந்திர விசையையே பெரிதும் சார்ந்த விளையாட்டு ஏற்கத்தக்கதன்று என ஒலிம்பிக் சாசனத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. இழுப்பது மோட்டார் படகு. ஆகவே திறமை மோட்டாருக்கே என்பது வாதம்.

படகு இழுக்கிறது, மறுப்பாரில்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்! வளைந்து வளைந்து சுற்றிவர ஆறு மிதவைகள். படகின் உச்ச வேகம் ஆடவர்க்கு மணிக்கு 58 கிலோமீட்டர், மகளிர்க்கு 55. ஆறையும் வென்றவனுக்குக் கிடைக்கும் பரிசென்ன தெரியுமா? கயிற்றைக் குறுக்குகிறார்கள்! 18.25 மீட்டரில் தொடங்கிய கயிறு 11.25, 10.75, 10.25 எனச் சுருங்குகிறது. மிதவையோ படகுப் பாதையின் நடுவிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கிறது. கயிறு எட்டாத இடத்தை வீரன் எட்டவேண்டும்! குறைகின்ற தூரத்தை நீட்டிய கையும் நீரோடு சாய்ந்த உடலும் தரவேண்டும். எந்த மோட்டார் தரும் அதை?

பாய்மரத்தைத் தள்ளுவது காற்று. 1900-இலேயே உள்ளே வந்துவிட்டது குதிரை. 2021-இல், டோக்கியோவின் ஐந்திறப் போட்டியில், முதலிடத்தில் நின்ற வீராங்கனைக்குக் குலுக்கலில் கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது, தங்கம் போயிற்று. விலங்கின் மனநிலையில் தொங்கிய பதக்கம் தூயது, எல்லாருக்கும் ஒரே விதி பார்த்து ஓடும் படகு தூயதன்று!

இன்னும் கேள். 2000-ஆம் ஆண்டு சிட்னியிலே 'கெய்ரின்' என்ற மிதிவண்டிப் பந்தயத்தைச் சேர்த்தார்கள். முன்னே மோட்டார் வண்டியொன்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், வீரர்கள் அதன் பின்னே அணிவகுப்பர். பாதியில் விலகிவிடுகிறதே என்பார்கள். விலகட்டும்! முன்னே போகும் மோட்டார் புனிதம், கயிறு கட்டிய மோட்டார் தீட்டு. எங்கோ கேட்ட சாத்திரம் போலில்லையா?

செல்வர் விளையாட்டு என்பதும் ஒரு குற்றச்சாட்டு. படகுக்கும் எரிபொருளுக்கும் பணம் வேண்டும், உண்மைதான். அதைச் சொல்லக் குதிரை லாயக்காரருக்கு வாயேது? 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியிலே இதைக் கண்டவன் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞன். பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், முழுகினான். பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிப் பார்த்தான், முழுகினான். மரப்பலகையின் நுனியைக் கொதிநீரில் வேகவைத்து வளைத்தான், மிதந்தான்! காப்புரிமை 1925-இல் வேறொருவருக்குப் போயிற்று. சாமுவேல்சனை முன்னோடியென்று அமெரிக்கச் சங்கம் ஏற்க 1966 ஆயிற்று.

படகுதானே தடை? படகையே விட்டார்கள். கம்பிவடம் இழுக்கும் பலகைச் சறுக்கை 2020 விழாவுக்கென எடுத்துச் சென்றார்கள். 2011-இல் எட்டு விளையாட்டுகளின் பட்டியலில் பெயர் ஏறியது, 2013-இல் இறங்கியது. இப்போது எந்தப் படகைக் காட்டுவார்கள்?