துப்பறியும் கதையும் நாணயமும்

மர்மக்கதையை இலக்கியத்தின் வேலிக்கு வெளியே நிறுத்திவைப்பது எம்மவரிற் பலருக்கு வழக்கம். அதன் தகுதி எதுவாயினும் ஆகுக. ஏனைய கதைகளுக்கு இல்லாத ஒரு கடப்பாடு அதற்கு உண்டு. துப்பறிவோன் காணும் தடயங்கள் யாவற்றையும் வாசகனும் காண்பான் என்பதே அது. அக்கடப்பாட்டைக் காத்தானா என்பதைக் கொண்டே ஆசிரியனின் நாணயத்தை மதிப்பிடவேண்டும் என்பது எமது துணிபு.

கொனன் டொயில் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு கதைகளைப் பார்ப்போம். 'சில்வர் பிளேஸ்' கதையிற் பந்தயக் குதிரையொன்று இரவில் மறைகிறது. லாயத்தைக் காத்த பையன் உண்டது ஆட்டிறைச்சிக் கறி. அதில் அபின் கலந்திருந்தது. அபினின் சுவையைக் கறியின் காரம் மறைத்துவிடும். ஆனால், அன்றிரவு கறிதான் சமைக்கவேண்டுமென வெளியார் எவரால் ஏற்பாடு செய்ய முடியும்? லாயத்தில் ஒரு நாயும் இருந்தது. பரணில் உறங்கிய இருவர் விழிக்கும்படி அது குரைக்கவில்லை. கறி, நாய், உறங்கியவர் எல்லாம் தொடக்கத்திலேயே எம்முன் வைக்கப்படுகின்றன. கறியோடு பிறந்து வளர்ந்த நாமே அதைக் கவனியாது கடந்துவிடுகிறோம்! நாம் தோற்றோம், ஏமாற்றப்படவில்லை.

'ஸ்பெக்கிள்ட் பாண்ட்' கதையோ வேறு. (முடிவைச் சொல்லாமல் அதன் குறையைச் சொல்ல இயலாது, படியாதோர் பொறுத்தருள்க.) இந்தியாவின் மிகக் கொடிய பாம்பென்று அதில் வருவது இந்தியாவில் இல்லாத ஓர் இனம். அது சீழ்க்கையொலிக்குப் பணிகிறது, பால் குடிக்கிறது, மணிக்கயிற்றில் ஏறி இறங்குகிறது. புற்றுக்குப் பால் வார்க்கும் மரபு எம்மிடம் உண்டாயினும், பாம்பு பாலை நாடும் பிராணி அன்று. பாம்புகளை நன்கறிந்த வாசகன் இங்கே அந்த அறிவினாலேயே தோற்கிறான்.

1929இல் றொனால்ட் நொக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர், பாதி விளையாட்டாகவே, பத்து விதிகளை வகுத்தார். எவரும் அறியாத நஞ்சு ஆகாது. அமானுஷ்ய சக்தி ஆகாது. துப்பறிவோன் கண்டெடுத்த தடயம் உடனே வாசகனுக்குக் காட்டப்படவேண்டும். 1930இல் இலண்டனில் அமைந்த துப்பறியும் எழுத்தாளர் கழகத்திற் சேர்ந்தோர், முக்கியமான துப்பை மறைப்பதில்லை என உறுதியும் கூறினர்.

விதிகளாற் தீராத வழக்கும் ஒன்றுண்டு. அகதா கிறிஸ்டியின் 'றோஜர் அக்றொயிட்' நாவல் 1926இல் வெளிவந்தபோது, அது மோசடி என்றனர் சிலர். எல்லோரையும் சந்தேகிப்பது வாசகன் கடமை என வாதாடினார் டொறதி சேயர்ஸ். நாமும் அவர் பக்கமே. முடிவை அறிந்தபின் மீண்டும் படியுங்கள். முதலில் ஒரு பொருளும் பின்னர் வேறு பொருளும் தரும் வாக்கியங்களைக் காண்பீர்கள். சில நிமிடங்களின் கணக்கு இடிக்கிறது. அந்த இடைவெளியை ஆசிரியை மூடிவைக்கவில்லை.

எமக்கு வரும் கதைகள் சிலவற்றிலோ, அதுவரை பெயரும் கேளாத இரட்டைச் சகோதரன் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கிறான். முன்னரே வாசகனை ஆயத்தப்படுத்தாமல் அவன் தோன்றலாகாது என்பது நொக்ஸ் அடிகளாரின் பத்தாவது விதி. அத்தகைய கதைகளை இனித் திருப்பியனுப்புவோம்.