சிவப்பு விளக்கு எரியும் வரை காத்திராதீர்கள்



அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. ஆயினும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அவற்றைப் பேணி ஓட்டுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. நள்ளிரவில் நோயாளியை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுசெல்ல, தெருவில் முதலில் கிளம்புவது சில வேளைகளில் அந்தப் பழைய வண்டிதான். அதை வைத்திருப்போருக்கே இதை எழுதுகிறேன். புதிய சீட் உறைக்கும் ஸ்பீக்கருக்கும் முன்னே, ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றையும், நம்பத்தக்க டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றையும் பொருத்துங்கள்.

“ஆயிலுக்குத்தான் சிவப்பு விளக்கு இருக்கிறதே, ஐயா” என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஆயில் அழுத்தம் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ அளவுக்கு வீழ்ந்த பின்னரே அது எரியும். டயருக்குக் காற்றடிக்கும்போது நாம் சொல்லும் அதே பிஎஸ்ஐதான். நெடுஞ்சாலை வேகத்தில் சுமார் 40 இருக்கவேண்டிய இடத்தில் 15 மட்டுமே இருந்தாலும் அந்த விளக்கு வாய் திறவாது. உள்ளே பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கும். அது எரியும் நேரத்தில், இன்ஜினைப் பிரித்துப்போடும் செலவு பெரும்பாலும் வாசலில் நிற்கும். வாடகை ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். ஜெபித்துவிட்டுப் புறப்படுகிறோம், நல்லது. ஜெபத்தை மீட்டருக்கு மாற்றாக்குவதைத்தான் நான் ஏற்பதில்லை.

முள் காலையில் உயர்ந்து நிற்கும். இன்ஜின் சூடேறி ஐடிலிங்கில் ஓடும்போது நன்றாக இறங்கும். இரண்டும் இயல்பே. உங்கள் வண்டியின் வழக்கத்தை ஒரு மாதம் கவனியுங்கள். பின்னர் அதே வேகத்தில், அதே சூட்டில் முள் தாழ்ந்து நின்றால் மெக்கானிக்கிடம் போங்கள்.

பொருத்தும்போது பழைய விளக்கின் ஸ்விட்சை எறிந்துவிடாமல், டீ ஜாயின்ட் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெல்லிய குழாய் வழியே ஆயிலையே டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும் மீட்டர்களும் உண்டு. அந்தக் குழாய் அறுந்தால் கொதிக்கும் ஆயில் உங்கள் கால்மேல் கொட்டும். ஆகவே ஒயரில் இயங்குவதே என் தேர்வு. அதன் சென்சார் பெரும்பாலும் தன் மரை வழியாகவே எர்த் எடுக்கிறது. அதில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் முள் பொய் சொல்லும்.

டெம்பரேச்சர் மீட்டரிலும் ஒரு வஞ்சகம் உண்டு. அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மே மாதத்தில், 40 டிகிரி வெயிலில், ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வடிந்துபோனால் சென்சார் வெறுங்காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கையிலேயே முள் கீழே இறங்கிவிடலாம். ஓட்டத்தின் நடுவே முள் திடீரென்று குளிர்ச்சியைக் காட்டினால் மகிழாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.